வெறும் ஈரம்தான்!

சுவரில் எது முளைத்தாலும் அதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்துவிட்டுத் தூங்கப் போகிற இனம் ஒன்று உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நம்மவர் தொழிலில் தணிக்கையாளர். அடுத்தவர் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடித்துவிடுவார். சொந்த மகள் படுக்கிற அறையில், ஜன்னலுக்குக் கீழே கறுப்புக் கறுப்பாய்ப் பூத்துக் கிடந்த புள்ளிகள் மட்டும் அந்தக் கண்ணில் படவில்லை.

"ஏங்க, சுவர்ல பூஞ்சை பிடிச்சிருக்கு. புள்ள விடிய விடிய இருமுறா," என்றாள் மனைவி.

"பூஞ்சையா? நம்ம வீட்லயா? அது வெறும் ஈரம்மா!"

யோசனையைப் பாருங்கள்! பூஞ்சை என்றால் குடும்ப மானம் போய்விடும். ஈரம் என்றால் பழி மழையின் தலையில் விழும். ஆகவே நம்மவர் மேலே ஒரு கோட் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார், பெயிண்டையும் மீறி அது எட்டிப் பார்த்ததும் காலண்டர் மாட்டினார், காலண்டர் நனைந்து தொங்கியதும் பீரோவை இழுத்து மறைத்தார், வாடை அடித்ததும் ரோஜா வாசனை ஸ்ப்ரே அடித்தார், காற்றோடு ஈரமும் உள்ளே வந்துவிடும் என்று ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டார். பூஞ்சைக்கு இதைவிட ராஜ உபசாரம் வேறு வேண்டுமா?

மகள் அத்தை வீட்டுக்குப் போனாள், இருமல் நின்றது. திரும்பி வந்தாள், கூடவே இருமலும் வந்தது. இந்தத் தடவை மூச்சும் இழுத்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்ல சுவரெல்லாம் எப்படி இருக்கு?"

நம்மவர் ஆடிப்போனார். பாவம், மகள் என்றால் அவருக்கு உயிர். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பீரோவை நகர்த்தி, காய்ந்த விளக்குமாற்றால் சுவரைப் பரபரவென்று தேய்த்தார். கறுப்புத் தூள் அறை முழுக்கப் பறந்தது. போதாதென்று பிளீச்சையும் கழிவறை ஆசிட்டையும் ஒரே வாளியில் கலக்கப் போனார்.

"ஐயையோ, நிறுத்துங்க! ரெண்டும் சேர்ந்தா விஷப் புகை! அவ மூச்சைக் காப்பாத்தப் போய் எல்லார் மூச்சையும் நிறுத்திடாதீங்க!"

பாட்டிலைப் பிடுங்கிய மனைவி, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டாள், ஜன்னலைத் திறந்தாள், புருஷனுக்கு முகக்கவசமும் கையுறையும் மாட்டிவிட்டாள். இருவரும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் சுவரைத் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி வெளியே போட்டார்கள். பிளம்பர் வந்து சுவருக்குள் கசிந்துகொண்டிருந்த குழாயை மாற்றினார். சுவர் காய்ந்தது. மகள் இருமாமல் தூங்கினாள். மனைவி அன்றுதான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

பிளம்பர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போகிற போக்கில், "எல்லாத்துக்கும் காரணம் ஈரந்தான் சார்," என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், நம்மவர் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "கேட்டியா? நான் முதல்லேர்ந்து என்ன சொன்னேன்?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அது சரி, உங்கள் குளியலறை மூலையில் கறுப்பாக ஏதோ இருக்கிறதே, அது என்ன?

வெறும் அழுக்கா? அப்படியா, ரொம்பச் சரி.