ஹார்டு டிஸ்க்கைப் பாகம் பிரித்த படலம்

வாழ்க நில அளவையர்! சங்கிலி பிடித்துச் சிவந்த கையர், எல்லைக்கல் நட்ட ஏந்தல், வேலித் தகராறில் மண்வெட்டி தூக்கிய அண்ணன் தம்பியரை ஒரே அதட்டலில் உட்காரவைத்த உத்தமர், கூறுபோட்ட நிலத்தில் பொதுவழி விடாமல் ஒருநாளும் கையெழுத்திட்டறியாத நீதிமான், அன்னார் புகழை நாவினிக்கப் பாடுவோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவர் லேப்டாப்பின் முன் அமர்ந்தார்.

போர் மூண்ட காரணம் கேளீர். பொத்தானை அமுக்கிவிட்டுக் குளித்துத் தலை துவட்டி வந்தாலும் அந்த லேப்டாப் கண் திறந்தபாடில்லை. ஹார்டு டிஸ்க்கில் இடம் பிரித்து, பழையதன் பக்கத்திலேயே இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் போட்டுக்கொண்டால் பறக்கும் என்று அலுவலக நண்பர் ஓதிய மந்திரம் மாவீரரின் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆனால் அம்மண்ணை ஏற்கெனவே ஓர் அரசி ஆண்டுகொண்டிருந்தாள். அவள் அவருடைய மனைவி. கல்யாணங்களுக்குப் புகைப்படம் எடுப்பவள். முந்தைய நாள் கல்யாணப் படங்கள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன, மாலையில் பெண்வீட்டாரிடம் கொடுத்தாக வேண்டும்.

அரசி கதவில் சாய்ந்து நின்று ஆணை பிறப்பித்தாள். "தாராளமா பிரிச்சுக்குங்க. ஆனா அந்தப் பொண்ணோட படம் ஒண்ணு காணாமப் போச்சுன்னா, பாகம் பிரிக்கிறது ஹார்டு டிஸ்க்கோட நிக்காது."

"உன் படம் கிடக்கிற மண்ணுல என் கால் படாது. இது அளவையன் வாக்கு," என்று முழங்கினார் கோமான்.

தொடங்கியது சமர். மவுஸ் என்னும் எலியைப் பற்றிய வலக்கையால் எல்லைக்கோட்டை இம்மியிம்மியாய் நகர்த்தி, மனைவியின் ராஜ்ஜியத்தில் புல் முளைத்துக் கிடந்த தரிசை மட்டும் பிரித்தெடுத்து, அதில் தமக்கொரு பேட்டை வகுத்து, எங்கே நிறுத்துவதென்று அறியாமல் நெடுங்காலப் பழக்கத்தின் வழியே கை தானாக ஓட, இரண்டுக்கும் நடுவே அகலமாக ஒரு பொதுவழியும் விட்டார் புண்ணியவான். புது சிஸ்டம் குடியேற வந்து பார்த்தது. இடம் போதாது என்று சொல்லிவிட்டது.

அந்தோ, அறச்சிக்கல்! மனைவியின் மண்ணில் கைவைத்தால் வாக்குப் போகும். வழியை மூடினால் வாழ்நாள் கொள்கை போகும். பெரிய பெரிய ஆட்களெல்லாம் கெஞ்சியும் மூடாத வழி அது. நெற்றி வியர்க்க நிலைகுலைந்திருந்த நாயகரின் தோளுக்குப் பின்னால் நின்று அரசி திரையைப் பார்த்தாள்.

"நடுவுல ஏங்க இவ்வளவு காலியா கிடக்கு?"

"வழிம்மா."

"அதுல யாரு நடக்கப் போறா?"

நாயகர் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு வழியை மூடித் தம் பேட்டையோடு சேர்த்தார். புது சிஸ்டம் குடியேறியது, லேப்டாப் ஒருமுறை அணைந்து எழ வேண்டும் என்றது, அணைந்தது. திரை கருத்தது, கருத்தபடியே கிடந்தது, காளமேகம் கவிந்த களமெனக் கிடந்தது, உலகத்து மணப்பெண்கள் எல்லாரும் மாலையும் கையுமாக அவ்விருளில் மூழ்குவதைக் கண்ட வீரருக்கு பெண்வீட்டாரின் காலில் எப்படி விழுவது என்பது வரை யோசனை போனது. அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அப்போது திரையில் மலர்ந்தன இரண்டு வரிகள்: மேலே புதிய சிஸ்டம், கீழே பழையது. பழையதைத் தொட்டார். வழக்கம்போல் ஆடி அசைந்து திறந்தது. படம் படமாகப் பார்த்தார். மணமகள் எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டிருந்தாள். வென்றார் அளவையர், வாக்குக் காத்த வள்ளல், இருளினின்று பெண்ணை மீட்ட பெருந்தகை, வெற்றிக் களிப்பில் வீடதிர மனைவியை அழைத்து, ஒன்றுகூடக் குறையவில்லை என்று திரையைத் திருப்பிக் காட்டினார்.

எல்லாப் படத்தையும் அவள் காலையிலேயே பென்டிரைவில் போட்டு வைத்திருந்தாள்.