துர்கா கத்தினாள் என்று நான் கொடுத்த புகார்

பெரிய காஞ்சிபுரம்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் நமச்சிவாயம் அவர்களுக்கு, வேலாயுதம் வணக்கத்துடன் எழுதுவது.

வாலாஜாபாத்தில் தாங்களும் வீட்டில் அனைவரும் சுகமாக இருக்கக் காமாட்சியம்மன் துணை. இங்கே நானும் உங்கள் தங்கை லோகாம்பாளும் சுகம். என் மானம்தான் நேற்றிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறது.

போன மாதம் எனக்காக ஒரு புகார் எழுதிக் கொடுத்தீர்களே, குழாய் இணைப்பு கேட்கப் போன என்னை, எங்கள் வார்டு ஆபீசில் துர்கா என்ற பெண் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்திப் பேசினாள் என்று. "மூத்த குடிமகனைக் கூச்சலிட்டு அவமதித்த" என்று தாங்கள் போட்ட வரியைப் படித்து எனக்கே என்மேல் இரக்கம் வந்தது. அதைத் திங்கட்கிழமை மனு நாளில் பெரிய ஆபீசில் கொடுத்தேன். அது அங்கிருந்து இன்னொரு ஆபீசுக்குப் போய், நாலு சீல் வாங்கிக்கொண்டு, கடைசியில் எங்கள் வார்டு ஆபீசுக்கே வந்து சேர்ந்தது. அங்கே தபால் பிரித்துப் பதிவு செய்கிறவள் யார்? அதே துர்கா. தன்மேல் வந்த புகாருக்குத் தானே நம்பர் போட்டு, எனக்குப் போன் பண்ணி, புதன்கிழமை விசாரணைக்கு வரச் சொன்னதும் அவளே. ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நேற்று போனேன். விசாரணை அதிகாரி சின்ன வயசு, ரொம்ப மரியாதைக்காரர். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் தறியடியில் உட்கார்ந்த காது என்று லோகாம்பாள் சொல்வதை நான் ஒத்துக்கொண்டதே இல்லை, தங்களுக்குத் தெரியும். காது மெஷின் இன்னும் பீரோவில் டப்பாவோடுதான் இருக்குது. அவர் கேட்டார், நான் அவர் வாயையே பார்த்துக்கினு இருந்தேன். மறுபடி கேட்டார், மறுபடி பார்த்தேன். பக்கத்தில் கைகட்டி நின்ற துர்காவுக்குப் பொறுக்கவில்லை. என் காதாண்ட குனிந்து, ஆபீசே அதிர, "ஐயா, நான் உங்களாண்ட கத்தினேனான்னு சார் கேக்கறாரு" என்றாள்.

"ஆமாம்மா, கத்தினே" என்றேன் நான்.

சிரித்தார்கள் மச்சான். மனு கொடுக்க வந்தவன், டீ கொண்டுவந்தவன், எல்லாரும். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் தறிதாம்பா. எங்கப்பாவாண்டயும் இப்படித்தான் பேசுவேன்" என்றாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கு என் வீட்டு நம்பரை ஐந்து தரம் கேட்டாளாம், நாலு தரம் மெதுவாக. ஐந்தாவது தரம்தான் என் காதில் விழுந்திருக்கிறது. அதற்குத்தான் புகார்.

பிறகு புகார் கொடுத்தவரைத் தனியாக விசாரிக்க வேண்டுமென்று அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அதிகாரி நிறையப் பேசினார். முகத்தைப் பார்த்தால், இத்தோடு விட்டுவிடலாமா என்று கேட்பதுபோல் இருந்தது. காது கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டி, விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வந்தேன்.

ஆகவே, துர்கா தங்கமான பெண் என்று அவள் மேலதிகாரிக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதி அனுப்பவும். காது விஷயம் அதில் வேண்டாம். ஆபீசில் நடந்தது உங்கள் தங்கைக்கும் தெரிய வேண்டாம்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி.

தங்கள் அன்புள்ள,
வேலாயுதம்

பி.கு. (சனிக்கிழமை): சோம்பலில் கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். அதற்குள் ஆபீசிலிருந்து பதில் வந்துவிட்டது. மகள் அபிநயா எனக்குக் கேட்கவேண்டுமென்று தெருவுக்கே கேட்கும்படி படித்தாள். ஊழியர் கத்தியதை மனுதாரர் தனி விசாரணையிலும் உறுதி செய்தாராம். ஊழியரை இடமாற்றம் செய்வதில் மனுதாரருக்குத் திருப்தியாம். துர்காவைப் பாலாற்றங்கரை பம்ப் ஹவுசுக்குப் போட்டுவிட்டார்கள். அங்கே மோட்டார் சத்தம்தான், பேச ஓர் ஆள் கிடையாது. பாராட்டுக் கடிதமெல்லாம் வேண்டாம் மச்சான். என்மேல் ஒரு புகார் எழுதுங்கள், காது விஷயத்தை முதல் வரியிலேயே போடுங்கள். மெஷினை லோகாம்பாளே மாட்டிவிட்டாள். திங்கட்கிழமை அதோடுதான் ஆபீசுக்குப் போகிறேன். அந்த அதிகாரி என்ன சொல்கிறார் என்று கேட்காமல் இனி ஆமாங்க சொல்ல மாட்டேன்.