கல்லறைப் புல்லுக்கு டானிக் போட்டவர்

பிள்ளைகளா, உத்திரமேரூர் வட்டாரத்தில் நோஞ்சானாக இருக்கிற எதையும் சும்மா விடாத ஒரே மனிதர் எங்கள் டானிக்காரர்தான். வாடின செடி, சோர்ந்த எருமை, காய்க்காத முருங்கை, எதைப் பார்த்தாலும் "இதுக்கு டானிக் பத்தல" என்பார். அவருடைய சொந்தப் பேர் எங்களுக்கே மறந்துபோனது. அப்படிப்பட்டவரிடமும் தேறாமல் போனது ஒன்று உண்டு.

பங்களாக்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் அழகுப் புல் வளர்த்து, பாய் பாயாக வெட்டி அனுப்பும் பண்ணை ஒன்று மானாம்பதிப் பக்கம் இருக்கிறது. அங்கே நான் புல் வெட்டுவேன், அவர் மருந்து தெளிப்பார். கடல்பாசிச் சாறும், மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்த தண்ணீரும்தான் அவருடைய டானிக்குகள்.

"உரமும் இதுவும் ஒண்ணாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உரம் சோறு நைனா. டானிக்குன்றது முதுகுல தட்டிக் குடுக்கறது. வேரு தானா எய்ந்து போயி சோறு தேடிக்கும்."

மீன் டானிக் கேனோடு ஒருநாள் பெருநகர் பஸ்ஸில் ஏறினார். வெயிலில் பொங்கி மூடி தெறித்துவிட்டது. கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாருய்யா அது, செத்த மீனக் கொண்டாந்தது?" என்று கத்தினார்.

"செத்ததுதான் சார். ஆனா செடிக்கு உசுரு குடுக்கும்."

"மொதல்ல எறங்குய்யா! பஸ்ஸு பூரா பேஜாரா கீது."

இறங்கினவர் விடவில்லை. "ஒங்க வூட்டு ரோஜாவுக்கு ஒரு மூடி ஊத்திப் பாரு சார்!" என்று பஸ்ஸின் பின்னாலேயே கூவினார்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவர் மனைவி மேரி அக்கா நெடுநாள் படுக்கையில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த டானிக் எதுவும் அவரைத் தேற்றவில்லை. ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். அங்கே முள்ளைத் தவிர எதுவும் முளைக்காது.

"கல்லறைத் திருநாளுக்குள்ள அவ மேல பச்சப் பாய் விரிச்சிடணும் நைனா" என்றார். அன்றைக்குத்தான் எல்லாரும் தங்கள் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பண்ணையில் கழித்துப்போட்ட புல் துண்டுகளைக் கொண்டுபோய் ஒட்டினார். ஏரித் தண்ணீரைச் சுமந்து ஊற்றினார். கடல்பாசிச் சாறு தெளித்தார். வேர் பிடித்தது. ஆனால் புல் மெதுவாகத்தான் படர்ந்தது. திருநாளோ நெருங்கிவிட்டது.

அங்கேதான் நெல்லுக்காரப் புத்தி குறுக்கே வந்தது. முன்பு விதைநெல் வயலில் வேலை பார்த்தவர் அவர். கதிர் வெளியே நீளுவதற்கு அங்கே ஜிப்ரலிக் என்கிற ஹார்மோன் அடிப்பார்கள். நெல்லுக்கு நீளுவதுதானே நல்லது என்று, அதையே புல்லுக்கும் இரண்டு மடங்காக அடித்துவிட்டார். டானிக் தட்டிக்கொடுக்கும், ஹார்மோன் அதட்டும். நீளு என்றால் நீளும், நிற்கத் தெரியாது.

திருநாளன்று போய்ப் பார்த்தால், எல்லாக் கல்லறையும் பளிச்சென்று இருக்க, அக்காவுடையது மட்டும் தலைவாராத பிள்ளை போலக் கிடந்தது. வெளுத்த புல் முழங்கால் உயரத்துக்கு நீண்டு, சாய்ந்து, சிலுவையையே மூடியிருந்தது. மெழுகுவத்தி வைக்க இடமில்லை.

"இன்னா மாமா, அத்தைக்கு நாத்து வுட்டுகினு கீறியா?" என்று பக்கத்துக் கல்லறைக்கு வந்தவன் கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

டானிக்காரர் முட்டிபோட்டு, அந்தப் புல்லை விரலால் கோதி ஒருபக்கமாக ஒதுக்கினார். சிலுவை தெரிந்தது.

"உசுரோட இருக்கசொல்லோ குட்டச்சி குட்டச்சின்னு கிண்டல் பண்ணேன் நைனா. இப்ப பாரு, இன்னா ஒசரம் ஆயிட்டா" என்றார்.

போன மழைக்காலத்தில் அவரும் அக்கா பக்கத்திலேயே போய்ப் படுத்துவிட்டார். அந்த நீண்ட புல்லை எடுத்துவிட்டு, இரண்டு பேர் மேலும் நான்தான் புதுப் புல் ஒட்டினேன். கடல்பாசிச் சாறு மட்டும்தான் தெளிக்கிறேன். குட்டையாக, அடர்த்தியாகப் படர்ந்திருக்கிறது. அவ்வப்போது போய்க் கத்தரியால் சமமாக வெட்டிவிட்டு வருவேன்.

அக்காவின் தலைமாட்டில் ஒரு கொத்தை மட்டும் வெட்டுவதில்லை.