நானூறு கிலோ ஸ்பிரிங்கும் நாலு தட்டுக் கேக்கும்

எனக்குக் கோபம் வந்தால் கணக்கு வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் சொல்லிக்காட்டத் தேவையில்லை. மற்ற நேரத்தில் முட்டை எத்தனை, சீனி எத்தனை கிராம் என்று மனதுக்குள்ளேயே பெருக்கிப் பிரித்துக் கேக் அடிக்கிறவள் நான். ஆனால் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் என் மனிசனோடு மட்டும் கதைத்தான் என்றால், இரண்டும் இரண்டும் எனக்கு நானூறு.

நானூறு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அந்த நானூறு கிலோவோடுதான் ஏழெட்டு வருடமாக மாரடிக்கிறேன்.

கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் எங்கள் வீட்டுக் குசினியில் கேக் செய்து, ஸ்காபரோ மண்டபங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். ஒரு தை மாதம் என் பழைய வான் வண்டி வீட்டு வாசலிலேயே பனிக்குள் புதைந்து, ஒரு பிறந்தநாள் கேக் பிறந்தநாளுக்கு அடுத்த நாள் போய்ச் சேர்ந்தது. அந்த ஆத்திரத்தில் (பாருங்கள், இதுவும் ஆத்திரம்தான்) நாலு சில்லும் இழுக்கிற உயரமான வாகனம் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். நல்ல வாகனம். ஆனால் பின் ஸ்பிரிங் தளர்ந்துபோய்க் குந்திக்கொண்டு நின்றது. புது ஸ்பிரிங்கும், குலுக்கலைத் தாங்குகிற ஷொக்கும் போட்டு இரண்டு அங்குலம் உயர்த்தினால் பனிக்கும் நல்லது என்றார்கள். பிறம்ரனில் எங்கட ஆள் ஒருவர் அதற்கென்றே கடை வைத்திருக்கிறார் என்றும் சொன்னார்கள்.

போனேன். போன பாவத்துக்கு என் கணவர் யோகனையும் கூட்டிக்கொண்டு போனேன். வழித்துணைக்கு மட்டும்தான். வாகனத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது ஒன்றுதான்.

கடைக்காரனுக்கு முப்பது வயது இருக்கும். "வாங்கோ அண்ணை" என்று யோகனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "எத்தினை அங்குலம் லிப்ற் பண்ணப் பாக்கிறியள்?"

"நான்தான் ஓடுறது," என்றேன்.

"ஓம் அக்கா." திரும்பினான். "அண்ணை, காட்டுப் பக்கம் ஓடுவியளோ, றோட்டில மட்டுமோ?"

"றோட்டில மட்டும்," என்றேன் நான்.

"அண்ணை, ஷொக் கொஞ்சம் இறுக்கமாப் போடுவமோ?"

யோகன் என்னைப் பார்த்தார். அவர் என்னைப் பார்ப்பதைக் கடைக்காரனும் பார்த்தான். அப்போதும் அந்த மண்டைக்குள் ஏறவில்லை. "அக்கா, உள்ளுக்க ஹீற்றர் போட்டிருக்கு, போய் இருங்கோவன். நாங்கள் பாத்து முடிச்சிடுறம்."

நாங்களாம்! வாகனம் என்னுடையது, காசு என்னுடையது, கேக் தூக்கித் தூக்கி முறிந்த முதுகும் என்னுடையது. ஆரடா நீங்கள்? என் காது இரண்டும் கொதித்தன.

அவன் ஸ்பிரிங்குகளை மேசையில் அடுக்கினான். மூன்று விதம். வெறும் வாகனத்துக்கு ஒன்று, இருநூறு கிலோ ஏற்றுகிறவர்களுக்கு ஒன்று, நானூறு கிலோ ஏற்றுகிறவர்களுக்கு ஒன்று. "ஒவ்வொரு நாளும் பின்னால எவ்வளவு பாரம் நிக்கும் அண்ணை? அதைப் பாத்துத்தான் ஸ்பிரிங்."

அன்று முழுவதும் அவன் கேட்ட ஒரேயொரு நல்ல கேள்வி அது. அதற்குத்தான் நான் மாடுமாதிரிப் பதில் சொன்னேன்.

ஒவ்வொரு நாளும் என்றுதான் கேட்டான். எங்கள் ஆட்கள் ஒவ்வொரு நாளுக்கும் எதையாவது வாங்கியிருக்கிறோமா? வீட்டில் இருப்பது இரண்டு பேர், கராஜில் கிடப்பது அறுபது பேருக்குச் சோறு காய்ச்சுகிற கிடாரம். வீடு வாங்கப் போனால் படுக்கிற அறையைப் பார்க்க முதலே, ஹோலில் எத்தனை பேரை இருத்தலாம் என்று அளப்போம். நானும் அந்தப் பெரிய நாளைத்தான் கூட்டினேன். கேக், கேக் மேசை, அலங்கார வளைவு, ஊரிலிருந்து பெரியம்மா வந்தால் பெரியம்மா, அவவின் நாலு சூட்கேஸ், அவவை ஏற்ற விமான நிலையத்துக்கு வருகிற ஐந்து பேர்.

"நானூறு கிலோ," என்றேன்.

யோகன் இருபது வருடமாகப் பண்டகசாலையில் பெட்டி நிறுத்து லொறிக்கு ஏற்றுகிறவர். அவர் மெதுவாகக் கேட்டார்: "இஞ்சரும், ஒரு கேக் எத்தினை கிலோ வரும்?"

"நீங்கள் கதைக்காதேங்கோ!"

"பாரம் இல்லாட்டி உது கொஞ்சம் தூக்கி அடிக்கும் அண்ணை," என்று கடைக்காரன் தொடங்கினான். எச்சரிக்கையைக்கூட அவரைப் பார்த்துத்தான் சொன்னான்!

"தம்பி, என்னைப் பாத்துச் சொல்லும். நானூறு கிலோ. ஷொக்கும் இருக்கிறதுக்குள்ள இறுக்கமானது. போடும்!"

போட்டான்.

அடுத்த சனிக்கிழமை யோகனின் தங்கை மகள் மதுரா பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. இங்கே பிறந்த பிள்ளை. இந்தக் கொண்டாட்டமே வேண்டாம் என்று நாலு மாதம் தாயோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் ஒரேயொரு நிபந்தனையில் இறங்கி வந்தாள்: கேக் அவள் சொன்னபடி இருக்க வேண்டும். தானே படம் கீறித் தந்தாள். கடும் நீலத்தில் நாலு தட்டு, உச்சியில் ஒரு திமிங்கிலம்.

"மாமி, சாறி, ஹோல், மேக்கப் எல்லாம் அம்மாதான் சூஸ் பண்ணினா. திஸ் வன் இஸ் மைன், ஓகே? கேக் வராட்டி நான் ரூமை விட்டு வெளியில வரமாட்டன்."

"மாமி இருக்கிறன், யோசிக்காதை," என்றேன். வாய் கொஞ்சமா எனக்கு?

பனி உருகி முடிந்த காலம், றோட்டெல்லாம் குழி. பின் சீற்றில் ஒரு பாதியை மடித்துக் கேக்குப் பெட்டியை வைத்துவிட்டு வெளிக்கிட்டோம். கேக் இருபத்திரண்டு கிலோ. ஸ்பிரிங்கோ நானூறுக்காக விறைத்துக்கொண்டு நின்றது. முதல் குழியில் என் தலை கூரையில் இடித்தது. இரண்டாவது குழியில் கண்ணாடியில் பார்த்தேன், திமிங்கிலம் பெட்டியோடு ஒரு சாண் எழும்பிப் பாய்ந்தது.

"இஞ்சரும், மெதுவா."

"மெதுவாத்தான் போறன்! இதைவிட மெதுவா எண்டால் இறங்கித் தள்ளுங்கோ!"

ஸ்காபரோ எல்லைக்கு வர மூன்றாவது குழி. 'பொத்' என்று ஒரு சத்தம். ஒரு பிளாசாவுக்குள் திருப்பி நிறுத்தி, பெட்டியைத் திறந்தேன். உச்சித் தட்டு பிளந்து கிடந்தது. திமிங்கிலத்தின் தலை பெட்டிச் சுவரில் அப்பிக்கொண்டிருந்தது.

அந்த வாகனத் தரிப்பிடத்தில் நின்று நான் திட்டாத ஆள் இல்லை. குழி மூடாத நகரசபை, ஸ்பிரிங் கண்டுபிடித்தவன், கடைக்காரன், அவனைப் பெற்றவர்கள், அவன் கடையின் ஹீற்றர். திட்டி முடிய அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்து மதுராவின் தாய், என் மச்சாள், போன் எடுத்தா. "மச்சாள், எங்க நிக்கிறியள்? உவள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாள். எல்லாரும் வந்திட்டினம்!"

யோகன் மட்டும் குனிந்து சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாரம் காணாது. வெறும் லொறியும் உப்பிடித்தான் துள்ளும். ஏத்தினால் அமரும்."

பிளாசாவில் தமிழ்க் கடை ஒன்று இருந்தது. மனிசன் உள்ளே போய்ப் பதினாறு மூட்டை அரிசியோடு வந்தார், ஒன்று பதினெட்டு கிலோ. வேட்டி சால்வையோடு, கேக்கைச் சுற்றிச் சுவர்மாதிரி அடுக்கினார். பிறகு பின் சீற்றின் மற்றப் பாதியில் ஏறி, பெல்ற் போட்டு, பெட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டார்.

"அரிசி இருநூத்தி எண்பத்தெட்டு. கேக் இருபத்திரண்டு. நான் தொண்ணூறு. நானூறு சரி. எடும்."

வாகனம் தொட்டில்மாதிரிப் போனது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மண்டபத்தில் கேக்கை எடுக்க முதல் அரிசியை இறக்க வேண்டியிருந்தது. பதினாறு மூட்டையையும் யோகன் வாசலில் அடுக்க, நான் கேக்கோடு பின் குசினிக்கு ஓடினேன். பிளந்த தட்டை ஒட்ட வைத்து, மிச்சமிருந்த நீலக் கிறீம் முழுவதையும் அலை அலையாக அப்பி, திமிங்கிலத்தின் வாலை மட்டும் மேலே நட்டேன். மதுராவின் அறைக்கதவைத் தட்டினேன்.

"பிள்ளை, மாமி பிழை விட்டிட்டன். திமிங்கிலத்துக்குத் தலை இல்லை."

கதவு திறந்தது. அத்தனை நகையோடும் வந்து கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "மாமி, இற்ஸ் டைவிங்! மை ட்ரோயிங்கை விட இது பெற்றர்!"

அவள் வெளியே வர, மைக் பிடித்தவரின் குரல் கேட்டது: "பதினாறு பேறும் பெற்று வாழ எண்டு, தாய்மாமன் பதினாறு மூட்டை அரிசியோட சீர் கொண்டுவந்திருக்கிறார்!" மண்டபம் கைதட்டியது. யோகன், வேர்த்து விறுவிறுத்து, கும்பிட்டுக்கொண்டு நின்றார். இனி அந்த அரிசியைத் திருப்பிக் கேட்க முடியுமா? வெறும் வாகனத்தில் ஸ்ரௌவ்வில் வரை துள்ளித் துள்ளி வீட்டுக்குப் போனோம்.

ஸ்பிரிங்கை மாற்றலாம்தானே என்று கேட்பீர்கள். மாற்றலாம். மாற்றமாட்டேன். அந்தக் கடைக்காரன் முன்னால் போய் நின்று, எனக்குப் பாரம் தெரியவில்லை என்று சொல்வதா? வேறு பதினாறு மூட்டை அரிசி வாங்கிப் போட்டேன், அது நிரந்தரமாகப் பின்னால் கிடக்கிறது. கேக் கொண்டுபோகிற நாளில் யோகனும் ஏறுவார். மதுரா இப்போது பல்கலைக்கழகம் போகிறாள், எந்த விசேஷத்தில் கண்டாலும், "மாமா, இண்டைக்கு எத்தினை கிலோ?" என்றுதான் கேட்பாள். அவரும் சளைக்காமல் சொல்லுவார்.

போன மாதம் ஒரு கலியாண மண்டப வாசலில் கேக் இறக்க நிறுத்தி, நான் முதலில் இறங்கினேன். விருந்தாளியாக வந்த ஒருவன் வாகனத்தைக் கண்டு கிட்ட வந்தான். அதே கடைக்காரன். என்னைத் தாண்டிப் போய்ப் பின் சீற்றுக் கண்ணாடியில் தட்டினான். "அண்ணை! எப்பிடி, ஸ்பிரிங் நல்லா வேலை செய்யுதோ?"

யோகன் கண்ணாடியை இறக்கினார், கேக்கை அணைத்த கையை எடுக்காமலே.

"அக்காட்டக் கேளும் தம்பி," என்றார். "நான் பாரம்."