வெளியேறும் வழி கடைசியில் இருக்கிறது

போகவிடாதவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் மணமக்களோடு படம் எடுத்துக்கொண்டு, தாம்பூலப் பையும் வாங்கி, செருப்பில் ஒரு காலையும் நுழைத்துவிட்ட நேரத்தில் எங்கிருந்தோ வந்து உங்கள் மணிக்கட்டைப் பிடிப்பாரே, அவரேதான். "இன்னா, சாப்டாம கெளம்பிட்டியா?" என்பார். சாப்பிட்டாயிற்று என்றால் பாயசம் எப்படி என்பார். நன்றாக இருந்தது என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டால் இன்னொரு கப் வரும். இதெல்லாம் உங்கள் மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பந்தியில் ஓர் இலை காலியானாலும் அவருக்குத் தன்னையே குறை சொன்ன மாதிரி இருக்கும்.

முன்பெல்லாம் இந்த இனம் முகூர்த்த நாட்களில் மட்டும்தான் நடமாடும். இப்போது அவர்கள் கையில் மின்னஞ்சல் கிடைத்துவிட்டது.

முடிச்சூர் லோகநாதனைப் பாருங்கள். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இன்று நான்கு அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. செங்கல், ஜல்லி, சிமெண்ட் கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். சர்க்கரை வியாதியும் ஓய்வும் லோகநாதனுக்கு ஒரே வருடத்தில் வந்தன. நடையை ஆரம்பித்தார். நடக்கும்போது யோசனைகள் வந்தன. வந்த யோசனைகளை வீட்டில் யாரும் கேட்காததால், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டிலிருந்து மின்னஞ்சல் முகவரிகளை ஒரு முழுநாள் உட்கார்ந்து எழுதி எடுத்து, 'சனிக்கிழமை மடல்' என்று ஒன்றைத் தொடங்கினார். யாரையும் கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது கேட்டுக்கொண்டா வைக்கிறோம்?

மடலில் என்ன இருக்கும்? ஏரியில் தண்ணீர் எவ்வளவு, தெருவிளக்கு எத்தனை எரியவில்லை, வெந்தயத்தை எப்போது ஊறவைப்பது, ராசிபலன், மின்தடைப் பட்டியல், அவர் வீட்டுச் செம்பருத்தி. இவற்றோடு, மாதம் தவறாமல் 2015 வெள்ளமும் வரும். முதல் மடலில் அந்த வெள்ளம் அவர் வீட்டு மூன்றாம் படியில் நின்றது. பொங்கல் மடலில் ஐந்தாம் படி. சித்திரை பிறந்தபோது ஜன்னல் கம்பி. ஊரில் எல்லாருக்கும் வடிந்துபோன தண்ணீர் லோகநாதன் மடலில் மட்டும் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

மடலை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று அவர் பார்ப்பதில்லை. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். இருநூற்றுப் பதிமூன்று. காலையில் பல் தேய்க்கும் முன் ஒரு தடவை, மாத்திரை போட்டபின் ஒரு தடவை. ஒரு நாள் அது இருநூற்றுப் பன்னிரண்டாகத் தெரிந்தது. போனவர் கோபு, பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கம் வீடு மாறிப் போனவர். அன்று மாலையே ஒரு கட்டு முருங்கைக்காயோடு லோகநாதன் கோபுவின் வாசலில் நின்றார்.

"நான் இன்னா தப்பு பண்ணேன், கோபு?"

"ஐயோ அண்ணா, அப்டிலாம் இல்ல. போன்ல எடமே இல்ல, அதான்."

"எடந்தானே? குடு இப்டி."

போனை வாங்கினார். கோபுவுடைய மச்சானின் கல்யாண வீடியோவைத் தாலி கட்டும் கட்டம் உட்பட அழித்தார். இடம் கிடைத்தது. கோபு மீண்டும் சேர்க்கப்பட்டார். முருங்கைக்காய் சாம்பாருக்குப் போனது.

அதன் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மடலில் 'விலக விரும்புவோர் இங்கே அழுத்தவும்' என்றொரு வரி உண்டு. அதை எடுத்துவிட முடியாது என்று மகன் சொல்லிவிட்டான். எடுக்கத்தானே முடியாது, தள்ளலாமே? முதலில் கையெழுத்துக்குக் கீழே தள்ளினார். பிறகு மின்தடைப் பட்டியலுக்குக் கீழே. பிறகு பன்னிரண்டு ராசிக்கும் கீழே. கடைசியில் முப்பத்தொரு செம்பருத்திப் படங்களுக்கும் அப்பால், எறும்பு அளவு எழுத்தில், வெளிர்சாம்பல் நிறத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார். பத்து மாதம் ஒருவர்கூடப் போகவில்லை.

"எழுத்துல ஒரு பிடிப்பு கீது. அதான் யாரும் போவ மாட்றாங்க" என்றார் மனைவி செல்வம்மாளிடம்.

"ஆமா" என்றாள் செல்வம்மாள், மொச்சை உரித்துக்கொண்டே. மடலின் முதல் சந்தாதாரர் அவள். போன் அடித்தால் எடுப்பாள். அதற்கு மேல் அதை நோண்டுவதில்லை.

அப்புறம் ஆவணியில் ஒரு சனிக்கிழமை, இட்லிக்கும் மாத்திரைக்கும் நடுவில், எண் மறுபடியும் இருநூற்றுப் பன்னிரண்டு ஆனது. போனவர் அமலராணி. மூன்றாவது தெரு. எழும்பூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. லோகநாதன் முருங்கைக்காய் பறித்தார்.

"உள்ள வாங்க சார்" என்றாள் அமலராணி.

"இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிட்றேன். அந்த வரிய எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"கடைசில இருந்துச்சே சார். தாம்பரத்துல ட்ரெயின் ஏறினா எழும்பூர் வரைக்கும் உங்க மடல்தான். நான் எதையும் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். ஆபீஸ் பழக்கம்."

கடைசி வரை படித்தேன் என்று இதற்கு முன் யாரும் லோகநாதனிடம் சொன்னதில்லை. 'மடல் பிரமாதம் அண்ணா' என்று வாராவாரம் சொல்லும் கோபுகூடச் சொன்னதில்லை. படித்தவளுக்குத்தான் வழி தெரிந்திருக்கிறது. அப்படியானால் போகாத மற்ற எல்லாரும்? அந்தக் கணக்கை அவர் மேற்கொண்டு போடவில்லை. போட அவருக்குப் பயமாக இருந்தது.

"அவ்ளோ படிச்சவ ஏம்மா போயிட்டே?"

அமலராணி கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்தாள்.

"சார், மொத மடல்ல, வெள்ளத்தப்போ உங்க மாடில நாங்க பதினாலு பேர் இருந்தோம். அக்கா ரெண்டு அடுப்புல உப்புமா கிண்டிப் போட்டாங்க. எங்கம்மாவ நாற்காலியோட நீங்கதான் மேல தூக்கிட்டுப் போனீங்க. பொங்கல் மடல்ல பத்து பேர் ஆயிட்டோம். சித்திரைல 'சிலர்'னு போட்டிருந்தீங்க. இன்னைக்குப் பாத்தா, தண்ணி சன்ஷேடு வரைக்கும் வந்துடுச்சு, மாடில நீங்க மட்டும் டார்ச்ச வெச்சிக்கினு நிக்கிறீங்க. மாடிலயே நான் இல்ல. மடல்ல மட்டும் எதுக்கு சார்?"

லோகநாதன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா போன வருஷம் தவறிட்டாங்க. அவங்களப் பத்தி வேற யாரும் எழுதினதில்ல சார். அதுக்காகத்தான் படிச்சிட்டு வந்தேன்."

முருங்கைக்காயைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அவமானமாக இருந்தது. செல்வம்மாளிடம், "அன்னிக்கி மாடில எத்தினி பேரு?" என்று கேட்டார்.

"வந்தவங்க பதினாலு. உப்புமா எனக்குத்தான் பத்தல" என்றாள் அவள்.

அடுத்த சனிக்கிழமை மடலில் வெந்தயம் இல்லை, ராசி இல்லை, செம்பருத்தி இல்லை. பதினான்கு பெயர்கள் இருந்தன. நாற்காலியில் ஒரு தாய் மாடி ஏறினாள். செல்வம்மாள் பசியோடு படுத்தாள். தண்ணீர் மூன்றாம் படிக்கு இறங்கி வந்து நின்றது. அவ்வளவுதான் மடல், போன் திரையில் ஒரே பார்வையில் அடங்கிவிட்டது. அவர் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான்.

பட்டியலில் இல்லாத அமலராணிக்கும் தனியாக ஒரு பிரதி அனுப்பியிருந்தார். எட்டு மணிக்கு அவள் திரும்பிவந்து சேர்ந்தாள். 'நாற்காலி பச்சை கலர் சார்' என்று ஒரு வரி பதிலும் போட்டிருந்தாள். லோகநாதன் அதை நான்கு தடவை படித்தார். எண் மறுபடியும் இருநூற்றுப் பதிமூன்று.

ஒன்பது மணிக்கு அது நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

மடல் சின்னதாகிவிட்டது அல்லவா? வெளியேறும் வரி தானாகக் கண்ணெதிரே வந்து நின்றிருக்கிறது. பத்து மாதமாகக் கதவைத் தேடிக்கொண்டிருந்த பத்தொன்பது பேர் ஒரே மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். முதல் ஆள் கோபு.

"ஒரு பொண்ணு திரும்பி வந்துச்சே, அது போதாதா?" என்றாள் செல்வம்மாள்.

"போதும்" என்றார் லோகநாதன். மனதாரத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்தார். பத்தொன்பது கட்டு தேறும் போலிருந்தது. வண்டிச் சாவியை எடுத்தார்.

சிரிக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் உங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவிலிருந்து போன மாதம் ஒருவர் விலகினாரே, பத்தே நிமிடத்தில் அவருக்குப் போன் போட்டு 'ஏன்டா?' என்று கேட்டது யார்? பொங்கல் வாழ்த்தை யார் யார் பார்த்தார்கள் என்று விரல்விட்டு எண்ணியது யார்? சரி, அதை விடுங்கள். இந்தக் கட்டுரை முடிந்துவிட்டது, நீங்கள் தாராளமாகப் போகலாம், வாசலில் யாரும் கையைப் பிடிக்க மாட்டார்கள். போகிற வழியில் ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். வெள்ளத்தன்று நீங்கள் சமாளித்த கதையை, நேற்று யாரிடமோ மறுபடியும் சொன்னீர்களே, அந்த மாடியில் உங்களோடு எத்தனை பேர் மிச்சம் இருந்தார்கள்?