அருவிக்குப் புறப்பட்ட வீடு

தாம் கட்டிய வீட்டிற்குள்ளேயே தெய்வசிகாமணி அகப்பட்டுக்கொண்டார்.

வீடு என்று அவர்தாம் அதனைக் கூறிவந்தார். கரும்பு ஏற்றும் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றின்மீது இரும்புச் சட்டங்களை நிறுத்தி, நாற்புறமும் தகரம் அடித்து, வேறெவர் உதவியுமின்றித் தம் கையாலேயே எழுப்பிய அறை அது. அதற்கு ஒரு கதவும் செய்தார். உட்புறம் நின்றுகொண்டு கீல்களை வெல்டிங் செய்தார். அந்தச் சூட்டில் நிலைச்சட்டம் கோணிக்கொண்டது. கதவோ இம்மியும் அசைய மறுத்தது.

"மாமா, உள்ள இன்னா பண்ற?" என்று வெளியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அவருடைய மனைவி ஆண்டாளின் தம்பி ஆதிமூலத்தின் குரல் அது. தியாகதுருகத்தில் உரக்கடை நடத்திவந்த அவன், கடையில் கூட்டம் இல்லாத நேரங்களில் அக்காள் கணவரைக் கேலி செய்வதற்கென்றே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

"கதவு எப்டி நிக்குதுன்னு பாத்துக்கினு இருக்கறேன்."

"வெளிய வந்து பாரு மாமா. இன்னும் நல்லா தெரியும்."

உள்ளே கதவைத் தோளால் இருமுறை இடிக்கும் ஓசை கேட்டது.

"அதுக்குத்தான் வழி பாத்துக்கினு இருக்கறேன்" என்றார் தெய்வசிகாமணி.

பிறகு தகரம் அறுக்கும் இயந்திரம் அலறியது. முன்பக்கச் சுவரில் சதுரமாக ஒரு துண்டு பெயர்ந்து விழ, அதன் வழியே முதலில் ஒரு காலும், பின்னர் வயிறும், கடைசியாக மீசையும் வெளிவந்தன.

"இன்னா மாமா இது?"

"ஜன்னல். மொதல்லயே பிளான்ல இருந்துது."

இத்தனை பாடும் எதற்காக என்பதைக் கூறிவிட வேண்டும். திருமணமான புதிதில் ஒருநாள், கல்வராயன் மலையின் நீலநிற விளிம்பைக் கையால் சுட்டிக் காட்டி, "கரியாலூராண்ட ஒரு அருவி கீது. இந்தக் கரும்பு வெட்டு முடியட்டும், உன்ன இட்டும்போயி காட்றேன்" என்று அவர் ஆண்டாளிடம் வாக்களித்திருந்தார். அந்த ஆண்டுக் கரும்பு வெட்டு முடிந்தது. அதன் பின் முப்பதுக்கும் மேற்பட்ட வெட்டுகள் முடிந்தன. மோட்டார் எரிந்தது, பசு கன்று ஈன்றது, மகள் இலக்கியா பிறந்து, படித்து, மணமாகிச் சென்னைக்கும் போய்விட்டாள். அருவி மட்டும் ஒத்திவைக்கப்பட்டுக்கொண்டே வந்தது. அண்மையில் இலக்கியா தொலைபேசியில், "இன்னுமாம்மா அப்பா உன்ன மலைக்கு இட்டும்போவல?" என்று வினவியபோது, "மலை எங்கடி போவப் போவுது, அது அங்கயே தான் இருக்குது" என்று ஆண்டாள் வெகு இயல்பாக விடையளித்ததை, மாட்டுக் கொட்டகையிலிருந்த தெய்வசிகாமணி கேட்டுவிட்டார். அச்சொல்லில் வருத்தம் துளியும் இல்லை. அதுவே அவரை மிகவும் வருத்தியது. தம் மனைவி ஆசைப்படுவதையே விட்டுவிட்டாள் என்று அவர் முடிவு செய்தார்.

ஆகவே, அடுத்த வெட்டு தொடங்குமுன் வாக்கைக் காப்பாற்றிவிடுவது என்று உறுதி பூண்டார். முப்பது ஆண்டுத் தாமதத்திற்கு ஈடாகப் பேருந்தில் இடித்துப் பிடித்து அழைத்துச் செல்வது முறையாகாது. ஆண்டாளுக்கோ பிறர் வீட்டில் தூக்கம் வராது. விடுதிக் குளியலறை என்றாலே முகம் சுளிப்பாள். எனவே வீட்டையே மலைக்குக் கொண்டுபோவது என்னும் எண்ணம், கைப்பேசியில் வெளிநாட்டார் சிலர் சக்கரம் வைத்த வீடுகளில் சுற்றித் திரிவதைக் கண்ட ஒரு மதிய வேளையில், ஆண்டாள் வழக்கம்போல் மகளிர் குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தபோது, அவருக்கு உதித்தது.

மறுநாள் கடப்பாரையால் நெம்பிக் கதவைத் திறந்தார். திறந்த கதவு அதன் பிறகு மூடவில்லை. ஒரு கயிற்றால் கட்டிவைத்தார். புதிய ஜன்னலோ, கட்டில் போடக் குறித்துவைத்திருந்த இடத்திற்கு நேர் மேலே அமைந்துவிட்டது. மலைக்காற்று ஆண்டாளின் தலையில் அடிக்கும் என்பதனால், அவர்களுடைய கல்யாணத்து வேங்கைமரக் கட்டிலைப் பின்கோடிக்கு மாற்றினார். உறுதி பார்க்கும் பொருட்டு அவரும் ஆதிமூலமும் அதன்மேல் அமர்ந்தனர்.

டிரெய்லரின் முன்பகுதி மெல்ல வானை நோக்கி எழுந்தது. இருவரும் கட்டிலோடு சறுக்கிப் பின்சுவரில் ஒட்டிக்கொண்டனர்.

ஆண்டாள் இரண்டு டம்ளர் காப்பியுடன் வந்து, அண்ணாந்து பார்த்தாள்.

"காப்பிய இங்கயே வெக்கட்டுங்களா, இல்ல ஏணி போட்டு எடுத்தாரட்டுங்களா?"

"பின்னால கொஞ்சம் வெயிட்டு ஜாஸ்தியா போச்சு. அவ்ளோதான்" என்றார் தெய்வசிகாமணி, சுவரில் ஒட்டியபடியே.

பின்பாரத்தைச் சமன் செய்ய, முன்பக்கத்தில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை ஏற்றி நிரப்பினார். வீடு பணிவுடன் நேராக நின்றது. பின்மூலையில் குளியலறையும் எழுந்தது. வெள்ளோட்டமாக ஆண்டாளையே குளிக்கச் சொன்னார். அவள் உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள். வாளி வாளியாகத் தண்ணீர் தொட்டியை விட்டுக் குறையக் குறைய, வீட்டின் முகம் மீண்டும் மேலே எழத் தொடங்கியது.

தெய்வசிகாமணி பாய்ந்து சென்று முன்கொக்கியைப் பிடித்துத் தொங்கினார்.

"இன்னாங்க, வூடு சாயற மாரி கீது" என்றது உள்ளிருந்து ஆண்டாளின் குரல்.

"நீ பதறாம குளி. நான் புடிச்சிக்கினு இருக்கறேன்."

"மலையிலயும் இப்டித்தான் தொங்குவீங்களா?"

"தொங்குவேன்."

உள்ளே அவள் சிரிக்கும் ஓசை, தண்ணீர் ஓசையோடு கலந்து வந்தது. அவ்வோசையைக் கேட்டபின், தகரம் கிழித்த தம் விரல்களைப் பற்றி அவர் எவரிடமும் முறையிடவில்லை.

இருப்பினும் மலையில் தொங்குவது ஆண்மகனுக்கு அழகன்று என்று கருதி, பழைய பம்புசெட் மோட்டாரையும் மணல் மூட்டைகளையும் முன்பக்கம் ஏற்றினார். டிரெய்லரைத் தாங்கிநின்ற முன்கால் மண்ணில் புதைந்தது. அதை ஈடுகட்டப் பின்பக்கம் இரும்பு பீரோவை ஏற்றினார். அதற்கு ஈடாக முன்பக்கம் ஆட்டுக்கல் ஏறியது. வீட்டிலிருந்த வீடு கொஞ்சம் கொஞ்சமாக வண்டியிலிருந்த வீட்டிற்குக் குடிபெயர்ந்தது.

"மாமா, இதுக்கு மலைய பேத்து இங்க எடுத்தாந்துருக்கலாம்" என்றான் ஆதிமூலம்.

"அதுக்கு டிரெய்லரு பத்தாது மச்சான்" என்று தெய்வசிகாமணி அமைதியாக விடையளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு புறப்பட்டது. தெய்வசிகாமணி டிராக்டரை ஓட்ட, ஆண்டாள் நல்ல புடவை உடுத்து, அவர் பக்கத்தில் மட்கார்டின்மீது கம்பியைப் பற்றிக்கொண்டு அமர்ந்தாள். ஆதிமூலம் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தான். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் வண்டி நெரிசலில் நிற்க, ஒருவர் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, "பரோட்டா எத்தினி மணிக்குங்க போடுவீங்க?" என்று கேட்டார்.

"திரும்பி வரப்ப" என்றாள் ஆண்டாள்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை தொடங்குமிடத்தில் அவள் கணவரின் தோளைத் தொட்டாள்.

"இங்கயே ஓரங்கட்டி சாமான கம்மி பண்ணிட்டா இன்னாங்க? மேல வளைவுல நிறுத்த எடம் கெடயாது."

"உனக்கெப்டி தெரியும்?"

"சும்மா ஒரு எண்ணந்தாங்க."

அவர் கேட்கவில்லை. செங்குத்தான முதல் வளைவிலேயே டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழுந்து, எதையோ எட்டிப் பார்ப்பதைப் போல் நின்றன. நிறுத்துவதற்கு உண்மையாகவே இடம் இருக்கவில்லை. பின்னால் வந்த வேன் ஒன்று விடாமல் ஒலியெழுப்ப, அவரும் ஆதிமூலமுமாக மோட்டாரையும் மூட்டைகளையும் ஆட்டுக்கல்லையும் சாலையோரம் உருட்டினர். முன்பாரம் நீங்கியதும் பின்பாரம் ஓங்கிற்று. அடுத்த வளைவில் சக்கரங்கள் பிடிப்பின்றிச் சுழன்றன. தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தார். வீடு முன்னைக் காட்டிலும் நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்தது. பீரோவை இறக்கினார். அப்போதும் அசையாததால், இறுதியில் கல்யாணக் கட்டிலும் இறங்கிற்று. அதற்கு அடுத்த குலுக்கலில் கயிறு அறுந்து, கதவு தானாகவே கழன்று விழுந்தது. அதை எடுக்க எவரும் திரும்பவில்லை.

சாமான்களுக்குக் காவலாக ஆதிமூலம் சாலையோரத்துக் கட்டிலில் சாய்ந்துகொண்டான். "நீங்க போயிட்டு வாங்க. எனக்கு இங்க எல்லா வசதியும் கீது" என்றான், பீரோவில் காலை நீட்டியபடி.

எஞ்சிய பாதை முழுவதும் தெய்வசிகாமணி கதவில்லாத வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டினார். ஆண்டாள் அவ்வப்போது, "இப்ப ரோடு கொஞ்சம் ஒடுக்கம்", "இங்க ஆரன் அடிச்சிருங்க" என்று மெதுவாகக் கூறினாள். ஒவ்வொன்றும் அவள் கூறியபடியே இருந்தது. ஊரைத் தாண்டாத ஒரு பெண்ணுக்கு இத்துணை ஊகமா என்று, அந்தத் துயரத்திலும் அவர் உள்ளூரப் பெருமை கொண்டார்.

கரியாலூருக்கு அருகே, நீர் விழும் ஓசை கேட்குமிடத்தில் வண்டியை நிறுத்தினார்.

"கண்ண மூடிக்க."

அவள் மூடிக்கொண்டாள். கையைப் பற்றி, வழுக்கும் பாறைகளின்மீது ஒவ்வோர் அடியாக நடத்திச் சென்றார். அவளோ ஓரிடத்திலும் தடுமாறவில்லை. தம் மேல் அவளுக்குள்ள நம்பிக்கையே அது என்று எண்ணி, அவர் தம் பிடியை இன்னும் இறுக்கினார்.

"இப்ப தொற."

மழை பெய்து ஓய்ந்த பருவம். அருவி வெண்மையாகப் பாறை முழுவதும் பரந்து இறங்கிக்கொண்டிருந்தது. சாரல் இருவர் முகத்திலும் படிந்தது. ஆண்டாள் அருவியைச் சிறிது நேரம் பார்த்தாள். அவருடைய முகத்தை நெடுநேரம் பார்த்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"கட்டிலு இல்ல, தண்ணி இல்ல, கதவும் போச்சு" என்றார் அவர், வேறெங்கோ பார்த்தபடி. "வெறுந் தகரத்த இழுத்தாந்து உட்டுட்டேன் உனக்கு."

"நான் வூடு கேட்டனாங்க?"

"நீ எதுவுமே கேக்கல. அதான் எனக்கு தாங்கல."

அவள் தன் புடவைத் தலைப்பால் அவருடைய முகத்துச் சாரலைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது ஈரமாகவே இருந்தது.

"உங்களோட பாத்தாத்தாங்க இது அருவி" என்றாள்.

அச்சொல்லைக் கேட்டபின் தெய்வசிகாமணிக்குக் கட்டில், பீரோ, ஆட்டுக்கல் யாவும் மறந்துபோயின. மார்பை நிமிர்த்தி, தாமே தோண்டிய அருவி போல அதைச் சுட்டிக்காட்டி, நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தமக்குத் தெரியாத செய்திகளையெல்லாம் விரிவாக விளக்கினார். அவள் ஒவ்வொன்றிற்கும், "அப்டிங்களா?" என்று வியந்தாள்.

குளிர் ஏறவே, சாலையோரத்துத் தேநீர்க்கடை ஒன்றை நோக்கி அவர் நடந்தார். ஆண்டாள் சட்டென்று நின்றாள்.

"இந்தக் கட வேணாங்க. ஆதிமூலம் பாவம், தனியா கெடக்கறான். போயிடலாம்."

"ஒரு டீ குடிக்கறதுக்குள்ள கட்டில யாரும் தூக்கிம் போவமாட்டாங்க. வா."

"எனக்கு டீயே வேணாங்க."

"மலைக்கு வந்து டீ குடிக்காம போவறதா? வெக்கப்படாம வா. இந்த ஊர்ல உன்ன யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் தலைப்பை நெற்றிவரை இழுத்துக்கொண்டு, அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒடுங்கியபடியே வந்தாள். புதுப்பெண்ணைப் போல் நாணுகிறாள் என்று அவர் மகிழ்ந்தார். கடைக்காரி சாலம்மாள், சாலையில் நின்ற கதவில்லாத தகர வீட்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு தெய்வசிகாமணியின் முதுகுப்புறத்தை எட்டிப் பார்த்தாள். எவரும் கேட்பதற்கு முன்பே சர்க்கரை இல்லாத தேநீர் ஒன்றை ஆற்றி நீட்டினாள்.

"வாக்கா. வாரா வாரம் குழு பொம்பளைங்களோட ஃப்ரீ பஸ்ஸுல வந்து எறங்குவ, இந்த வாட்டி இன்னா வூட்டயே இழுத்துக்கினு வந்துக்கிற?"