உங்கள் கார் மறுபடி உட்கார்ந்துவிட்டது

திங்கட்கிழமை, காலை

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமியார் எழுதுவது. நீங்களும் என் மகளும் பேத்தியும் குறையின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், வீடு நலம், மாடித் தண்ணீர்த் தொட்டியும் நலம். கார் நலமில்லை. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் "சரிங்க அத்தை" என்பீர்கள், நான் "பரவாயில்லை மாப்பிள்ளை" என்பேன், ஆளுக்கொரு பெருமூச்சோடு வைத்துவிடுவோம். பதினொரு ஆண்டுகளாக நாம் பேசிக்கொண்டது அவ்வளவுதான். எழுத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. குறை சொல்வதாக எண்ணாமல் கடைசிவரை படிக்கவும்.

ஆறு மாதங்களுக்கு முன் என் வீட்டில் சாப்பிட்டு எழுந்து கை துடைத்தபடி, "இந்தச் சின்னக் கார்ல போய்க் கஷ்டப்படறீங்களே அத்தை, பேசாம என் காரை எடுத்துக்குங்க" என்றீர்கள். மாப்பிள்ளை வாய் திறந்து கொடுப்பதை மாமியார் மறுப்பது அழகல்ல என்பதால், "உங்க இஷ்டம் மாப்பிள்ளை" என்றேன். உங்கள் முகம் வெளுத்தது. வெயில்தான் காரணம் என்று நினைத்து மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். போன வாரம்தான் மகள் உண்மையை உடைத்தாள். "அம்மா, அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னாரும்மா. நீ வேணாம்னுடுவேன்னு நெனச்சார்." நானும் ஒரு பேச்சுக்குத்தான் சரி என்றேன், நீங்கள் அதோடு விட்டுவிடுவீர்கள் என்று இருந்தேன். இப்படி இருவருடைய மரியாதையும் சேர்ந்து செய்த காரியத்தில், என் கணவர் வாங்கிப் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு நாளும் முரண்டு பிடிக்காத அந்தக் காரில் நீங்கள் முழங்கால் தாடையில் இடிக்க அலுவலகம் போகிறீர்கள். ("மடக்கு நாற்காலியை உள்ள வெக்கிற மாதிரி இருக்கும்மா" என்பது மகளின் வர்ணனை.) நானோ நானூறு குதிரைகளைப் பூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்வருகிறேன்.

உங்கள் காரைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை. புது விலையில் நாலில் ஒரு பங்குக்குக் கிடைத்தது என்று அன்று மகிழ்ந்தீர்கள். நியாயம்தான். ஆனால் கார்தான் பழையதாகிவிட்டதே தவிர, அதன் உதிரிபாகங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அவை இன்னும் புதுக்காரின் விலையிலேயே இருக்கின்றன. முதலில் அது உட்கார ஆரம்பித்தது. இரவு நிமிர்ந்து நிற்கிற கார், காலையில் தீர்ப்பைக் கேட்டவன் போல இடது பக்கம் சரிந்து கிடக்கும். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் காற்றடைத்த ரப்பர் பை வைத்திருக்கிறார்களாம், அது கசிகிறதாம். அந்தப் பையின் விலையைக் கேட்டேன். என் கணவர் முழுக் காரையும் நான்கு சக்கரங்களோடு அதைவிடக் குறைவாகத்தான் வாங்கினார். "ஒண்ணு மட்டும் மாத்தினா இன்னொண்ணு கோவிச்சுக்கும்மா, ஜோடியாத்தான் மாத்தணும்" என்றார் மெக்கானிக். அடுத்து முன்விளக்கில் பல்பு போனது. வீட்டில் பல்பு மாற்ற நான் சுவரை இடிப்பதில்லை. இங்கே முன்பக்கத்தையே கழற்றி ஒரு மணி நேரம் தரையில் கிடத்தினார்கள். பிறகு டயர் வெடித்தது. ஸ்டெப்னி எங்கே என்று டிக்கியைத் திறந்தால், அதற்குப் பதில் ஒரு டப்பாவில் பசை இருக்கிறது. நான்கு நாள் எடுக்காமல் நிறுத்தினால் பேட்டரி உயிரை விட்டுவிடுகிறது, எடுத்து ஓட்டினாலோ எஞ்சின் ஆயில் குடிக்கிறது, போதாக்குறைக்குக் காய்கறிக் கடைக்காரர் நான் காரிலிருந்து ஒரு காலை வெளியே வைப்பதற்குள் விலையை ஏற்றிவிடுகிறார், இதை நான் எங்கே போய்ச் சொல்வது.

ஆனால் நான் சும்மா இருந்துவிடவில்லை. காரோடு வந்த கையேட்டை, முந்நூற்று எண்பத்தாறு பக்கங்களையும், இரண்டு முறை பென்சிலோடு படித்தேன். எந்தப் புத்தகத்தையும் அட்டைமுதல் அட்டைவரை படிக்காமல் கருத்துச் சொல்லக்கூடாது என்று கான்வென்ட்டில் பழக்கியிருக்கிறார்கள். மெக்கானிக் இப்போது என்னைக் கேட்காமல் எதிலும் கை வைப்பதில்லை. போன வாரம் குளிர்நீர்த் தொட்டியின் மூடி திருக வரவில்லை என்று அவரும் அவருடைய கூட்டாளியும் மாறி மாறி முக்கினார்கள். "வராதும்மா, உடைச்சுத்தான் எடுக்கணும்." எஞ்சின் ஆறிவிட்டதா என்று கேட்டேன், கைக்குட்டையைப் போர்த்தினேன், ஒரே திருகு. "கையா இது, ரெஞ்சா?" என்று கூட்டாளி முணுமுணுத்தார். எழுபத்து மூன்று வயதில் இந்த வீட்டில் நான் திறக்க முடியாத மூடியும் இல்லை, மூட முடியாத மூடியும் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். முன்பெல்லாம் ஆண்டுக்கு இரண்டு முறை வருவீர்கள், நாற்பது நிமிடம் இருப்பீர்கள். இப்போது கார் படுத்தும் பாட்டில் வாராவாரம் வரவேண்டியிருக்கிறது. பத்து மணிக்குப் பானெட்டுக்குள் தலையை விட்டால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருகிறீர்கள். மகள் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கல்யாணத்துக்கு முன் பேசியதைப் போல ஓயாமல் பேசுகிறாள். பேத்தி பின் சீட்டில் தூங்கிப்போகிறாள். இது உங்கள் ஓய்வு நாள். அதை ஒரு பழைய காருக்காக என் வாசலில் கழிப்பது சரியல்ல. சென்ற மாதம் ஒரு ஞாயிறு உங்களால் வர முடியவில்லை. நான்கு தட்டுகள் எடுத்து வைத்திருந்தேன். மூன்றைக் கழுவாமலேயே திரும்ப அடுக்கினேன். தண்ணீர் மிச்சம்.

எனவே முடிவு செய்துவிட்டேன். ஓட்டைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லாததால், ரப்பர் பைகளையும் குழாய்களையும் என் செலவில் மாற்றச் சொல்லி இன்று காலை மெக்கானிக்கிடம் அனுப்பியிருக்கிறேன். சரியானதும் நீங்கள் அதை எடுத்துக்கொண்டு என் சின்னக் காரைக் கொண்டுவந்து விட வேண்டும். இதை வேண்டுகோளாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "பரவாயில்லை அத்தை, இருக்கட்டும்" என்று பதில் வந்தால் அதைப் படித்ததாகவே வைத்துக்கொள்ள மாட்டேன்.

மூவருக்கும் என் ஆசிகள். முதுகை நேராக வைத்து ஓட்டுங்கள், அந்தக் காரில் முடிந்தவரை.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மேன்மையை விரும்பும்
மாமியார்

பி.கு. வியாழன். இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் செவ்வாயன்றே மெக்கானிக் காரைக் கொண்டுவந்துவிட்டார். நன்றாக நிமிர்ந்து நின்றது. ஒரு எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை. மகளிடம் சொன்னேன். "அப்பாடா. அப்ப இந்த ஞாயிறு அவர் வீட்லயே தூங்கட்டும்மா" என்றாள். நல்லது என்று போனை வைத்துவிட்டு, கடைக்கும் வங்கிக்குமாக இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். இன்று காலை மஞ்சள் விளக்கு எரிகிறது. பெட்ரோல் மூடி தளர்ந்திருந்தால் இந்த விளக்கு எரியும் என்கிறது கையேட்டின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். போய்ப் பார்த்தேன், தளர்ந்துதான் இருக்கிறது. எப்படித் தளர்ந்தது என்று கையேட்டில் இல்லை. அதை இறுக்க என் கைக்குப் பலம் போதவில்லை. இந்த நிலையில் காரை உங்களிடம் ஒப்படைப்பது முறையாகாது என்பதால் மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். ஞாயிறு பத்து மணிக்கு வரவும். தட்டுகள் எடுத்து வைத்தாயிற்று.